குண்டு படாத பன்னிரண்டாவது பெட்டி

பதினொன்று. 1822-ஆம் ஆண்டு மார்ச் மாதம், இங்கிலாந்தின் காஸ்போர்ட் துறைமுக ஊரில், லம்ப் அம்மாளின் முன்னறையில் இருந்த குண்டடி பட்ட எழுதுபெட்டிகளின் எண்ணிக்கை அது. பன்னிரண்டாவது பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. அது லெப்டினன்ட் ஆம்ப்ரோஸ் டக்கெட்டின் பெட்டி.

பிரெஞ்சுக்காரனோடு நடந்த போர் முடிந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. கடற்படை தன் கப்பல்களைத் துறைமுகத்தில் கட்டிப்போட்டது. அதிகாரிகளையும் ஊருக்குள் கட்டிப்போட்டது. கப்பல்களுக்காவது அவ்வப்போது தார் பூசினார்கள். அதிகாரிகளுக்கு அரைச் சம்பளம் கொடுத்து, கூப்பிடும்போது வரச் சொன்னார்கள். கூப்பிடத்தான் இல்லை. டக்கெட்டுக்கு நாற்பத்தைந்து வயது. லம்ப் அம்மாள் வீட்டு மாடியறையில், எழுந்து நின்றால் உத்தரம் தலையில் இடிக்கும் ஓர் அறையில் குடியிருந்தார். கப்பலிலும் அப்படித்தான் இடிக்கும் என்பதால் அது அவருக்குக் குறையாகத் தெரியவில்லை.

லம்ப் அம்மாள் ஒரு பீரங்கிக்காரரின் விதவை. தினமும் காலையில் முன்னறைக் கணப்பை மூட்டி, நீண்ட மேசையைத் துடைத்துவைப்பார். பன்னிரண்டு அதிகாரிகள் ஆளுக்கொரு பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார்கள். கணப்பும் மேசையும் இலவசம். தேநீரும் பீரும் அவரிடமே வாங்கவேண்டும். பதவி மூப்புப்படி உட்கார்வார்கள். மூத்தவர் கமாண்டர் பேக்‌ஷா கணப்பின் பக்கம். கடைசி ஆளான டக்கெட் கதவின் பக்கம், காற்று பிடரியில் அடிக்கும் இடத்தில்.

உட்கார்ந்ததும் பெட்டிகள் திறக்கும். மூடியிருக்கும்வரை அது பித்தளை மூலைகள் வைத்த மகோகனிப் பெட்டி. கைப்பிடிகூட மரத்துக்குள் புதைந்திருக்கும்; கப்பல் குலுங்கும்போது எதிலும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. மூடியைத் திறந்து விரித்தால் பச்சைக் கம்பளித் துணி ஒட்டிய சாய்மேசையாகிவிடும். மைக்கூட்டுக்கு ஒரு குழி, இறகுப் பேனாவுக்கு ஒரு பள்ளம். ஆடும் கடலில் மை சிந்தாமல் எழுத இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. காஸ்போர்ட்டில் தரை ஆடுவதில்லை. பெட்டிக்கு அடியிலேயே நல்ல ஓக் மேசை ஒன்று இருந்தது. ஆனாலும் அதன்மேல் நேராகக் காகிதத்தை வைத்து எழுத எந்த அதிகாரியும் இசையமாட்டார். அது குமாஸ்தா வேலை.

எழுதியது ஒரே விஷயம்தான். அடியேனுக்கு ஒரு கப்பல் தரவேண்டும். லண்டனிலிருந்து வரும் பதிலும் ஒன்றுதான். விண்ணப்பம் குறித்துக்கொள்ளப்பட்டது. ஏழு ஆண்டுகளாகக் குறித்துக்கொண்டே இருந்தார்கள்.

எழுதாத நேரத்தில் பேச்சு. பேச்சு என்றால் பெட்டிகளைப் பற்றித்தான். ஒவ்வொரு பெட்டியிலும் குண்டு துளைத்த ஓர் ஓட்டை, ஒவ்வோர் ஓட்டைக்கும் ஒரு சண்டை. கமாண்டர் பேக்‌ஷாவின் பெட்டியில் இருந்ததுதான் பெரிது. அதற்குப் பித்தளை வளையம் போட்டு, அதில் தன் புகையிலைச் சுங்கானைச் செருகிவைத்திருப்பார். 1816-இல் அவர் அந்தக் கதையைச் சொன்னபோது எதிரில் வந்தது ஒரு சின்னப் போர்க்கப்பல். 1819-இல் அது பெரிய கப்பலாக வளர்ந்தது. இப்போது இரண்டு பெரிய கப்பல்கள்.

கதை முடிந்ததும் கமாண்டர் கதவுப் பக்கம் திரும்புவார்.

“அது சரி டக்கெட்டு, சண்டை நடந்தப்ப உன் பெட்டி எங்கப்பா இருந்துச்சு?”

“அடிக்கிடங்குல.”

“யார் கூட?”

“கோழிங்களோட.”

ஏழு ஆண்டுகளாக வாரத்துக்கு ஒரு முறையாவது இந்தக் கேள்வி வரும். ஏழு ஆண்டுகளாக அறை சிரித்தது.

டக்கெட் சொன்னது உண்மை. 1811-இல் பிரான்சின் பிரிட்டனி கரைக்கு அப்பால் ‘மெலிசென்ட்’ கப்பலில் அவர்தான் முதல் லெப்டினன்ட். எதிரிக் கப்பலின் பாய் கண்ணில் பட்டதும் முரசு அடித்தார்கள். முரசு அடித்தால் தளத்தை ஒழிக்கவேண்டும். அறைத் தடுப்புகள், கேப்டனின் கட்டில், நாற்காலி, கண்ணாடிக் குப்பி, கோழிக்கூண்டு, எல்லாம் அடிக்கிடங்குக்கு இறங்கிவிட வேண்டும். பீரங்கிகளுக்கு நடுவே ஒரு முக்காலி கிடந்தாலும் ஆள் தடுக்கி விழுவான். அதைச் செய்து முடிப்பது முதல் லெப்டினன்டின் பொறுப்பு. டக்கெட் செய்து முடித்தார். அவருடைய பெட்டியும் இறங்கியது. அதற்குப் பிறகு நடந்த சண்டையில் ஒரு பாய்மரம் விழுந்தது, சுக்கான் சக்கரம் தூளாகப் போனது, டக்கெட்டின் இடது காது கேட்காமல் போனது. மாலையில் பெட்டி மேலே வந்தபோது அதன்மேல் இருந்தது கோழி எச்சம் மட்டும்தான். அதை ஈரத்துணியால் துடைத்தவுடன் அதுவும் போய்விட்டது.

செவிட்டுக் காதை யாரும் வந்து பார்ப்பதில்லை. பெட்டியைத்தான் பார்த்தார்கள்.

ஓட்டை இல்லாவிட்டாலும் அவர் பெட்டிக்கு ஒரு பெருமை இருந்தது. பழைய பச்சைத் துணியைப் பூச்சி அரித்துவிட்டதால், போன கிறிஸ்துமஸின்போது லம்ப் அம்மாள் சீட்டாட்ட மேசைக்கு வாங்கிய புதுத் துணியில் மிச்சத்தை வெட்டி, மைதாப் பசை காய்ச்சி, தன் கையாலேயே ஒட்டிக்கொடுத்திருந்தார். ஒட்டியதை அந்தத் தெருவில் எல்லோருக்கும் சொல்லியும் இருந்தார்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் கமாண்டர் பேக்‌ஷா மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

“கேட்டீங்களா? ‘டன்லின்’ கப்பலைக் கட்டு அவுக்கறாங்க. கள்ளக்கடத்தல்காரனைப் பிடிக்க. அதுக்கு ஆள் பொறுக்க அட்மிரல் தோர்ன்கேட் நேரா இங்கயே வராரு. வர்ற வெள்ளிக்கிழமை.”

பதினொரு இறகுகள் நின்றன.

“அதுல ஒரு விசேஷம். அவருக்குக் கடுதாசி படிக்கறதெல்லாம் பிடிக்காதாம். எல்லாப் பயலும் நல்லாத்தான் எழுதறான்னு சொல்றாராம். ஆளைப் பாக்கறதுக்கு முன்னாடி பெட்டியைப் பாப்பாராம்.”

அறையில் ஒரு நிம்மதி பரவியது. ஒருவர் கைக்குட்டையை நனைத்துத் தன் ஓட்டையின் விளிம்பைத் துடைக்க ஆரம்பித்தார். இன்னொருவர் தன் பெட்டியை ஓட்டை வெளிச்சத்தில் படும்படி திருப்பிவைத்துப் பழகினார்.

“டக்கெட்டு, நீ வேணும்னா ஒரு கோழியைக் கொண்டாந்து பக்கத்துல நிறுத்திக்கோ. சாட்சிக்கு,” என்றார் பேக்‌ஷா.

டக்கெட் அன்று மதியம் பட்டாணிக் கூழைத் தொடவில்லை. ‘டன்லின்’ சின்னக் கப்பல்தான். கரையை விட்டு அதிகம் வெளியே போகாது. ஆனால் அதற்குத் தளம் உண்டு, முரசு உண்டு, முழுச் சம்பளம் உண்டு. இது கைநழுவினால் அடுத்ததற்கு இன்னும் ஏழு ஆண்டு ஆகலாம். அப்போது ஐம்பத்திரண்டு. அந்த வயதில் கப்பல் கிடைத்தவர் யாரையும் அவருக்குத் தெரியாது. கப்பல் கிடைக்காமலே இறந்தவர்கள் நிறையப் பேரைத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை பெட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, தெருவின் எதிர்ப்பக்கம் இருந்த ரூபன் ஸ்பர்ரியின் தச்சுப் பட்டறைக்குப் போனார். ஸ்பர்ரி சவப்பெட்டி செய்துகொண்டிருந்தார்.

“மூடி சரியா உக்காரலைங்களா சார்?”

“மூடி சரியாத்தான் இருக்கு.” டக்கெட் தொண்டையைச் செருமினார். “அதுல ஒரு ஓட்டை வேணும்.”

ஸ்பர்ரியின் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. உளியைக் கீழே வைத்தார்.

“துப்பாக்கிக் குண்டா, பீரங்கிச் சிதறலா?”

டக்கெட் அப்படி ஒரு கேள்வியை எதிர்பார்க்கவில்லை. “எது நல்லது?”

“சிதறல்தான் இப்ப அதிகம் போகுது. பெருசா வேணும்னா வளையம் போட்டுத் தரேன், சுங்கான் வெச்சுக்கலாம். உங்க ஆகிருதிக்குத் துப்பாக்கிக் குண்டுதான் அடக்கமா இருக்கும்.”

டக்கெட் சவப்பெட்டிப் பலகையின்மேல் உட்கார்ந்துவிட்டார். சுங்கான். வளையம். மனத்துக்குள் முன்னறையைச் சுற்றிவந்து பார்த்தார்.

“ஸ்பர்ரி, இதுவரைக்கும் எத்தனை பேருக்கு இந்த மாதிரி…”

“வாடிக்கைக்காரங்களைப் பத்தி நான் பேசறதில்லைங்க சார். உங்களைப் பத்தியும் பேச மாட்டேன்.”

துரப்பணத்தை எடுத்தார். துளைத்தார். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் விளிம்பைத் தீய்த்தார், சின்ன உளியால் உட்பக்கத்தைப் பிளவாக்கினார், கடுந்தேநீரும் விளக்குக்கரியும் குழைத்துப் பூசினார். கடைசியில் கம்பியை உள்ளே செலுத்திப் பச்சைத் துணியையும் கிழித்தார்.

“யோவ், அது லம்ப் அம்மா ஒட்டின துணி.”

“குண்டுக்கு அது தெரியுங்களா? மரம் ஓட்டையாயிட்டுத் துணி முழுசா இருந்தா நாலு பேர் கேப்பாங்க.”

டக்கெட் வெள்ளிக்கிழமைவரை பெட்டியை அம்மாள் கண்ணில் காட்டாமல் கட்டிலுக்கடியில் வைத்திருந்தார். எழுத்துக்கு விடுமுறை, கண் வலி என்றார்.

அட்மிரல் தோர்ன்கேட் குள்ளமானவர். வற்றிய அத்திப்பழம் மாதிரி முகம், கையில் கருங்காலித் தடி. வணக்கங்களைக் காதில் வாங்காமல் கணப்பின் பக்கம் தொடங்கினார். ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் நின்று, ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்.

“எந்தச் சண்டை?”

கமாண்டர் பேக்‌ஷா சொன்னார். அன்று எதிரிக் கப்பல்கள் மூன்று.

“ம்,” என்றார் அட்மிரல். அடுத்த பெட்டி. அடுத்த சண்டை. அடுத்த ‘ம்’. ஒவ்வொரு ‘ம்’முக்கும் அதை வாங்கியவர் நெஞ்சை நிமிர்த்தினார். பதினொரு ‘ம்’ ஆனதும் கதவுப் பக்கம் வந்தார். டக்கெட்டின் பெட்டிக்குள் சுண்டுவிரல் போனது.

“எந்தக் கப்பல்?”

“மெலிசென்ட், சார். 1811.”

விரல் அசையாமல் நின்றது. “அதுல முதல் லெப்டினன்ட் யாரு?”

“நான்தான் சார்.”

அட்மிரல் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “உன்னைத் தேடித்தான்யா நான் வந்ததே. உங்க கேப்டன் சாகக் கிடந்தப்ப நான் போய்ப் பாத்தேன். வேற ஒண்ணும் பேசலை மனுஷன். முரசு அடிச்சு ஓயறதுக்குள்ள தளத்தை ஒழிச்சுக் குடுத்தான் ஒருத்தன், மேல ஒரு நாற்காலிக்கால்கூட கிடக்கலைன்னான். கடத்தல்காரன் படகு ராத்திரில திடீர்னுதான்யா எதிர்ல வரும். எனக்கு அந்த மாதிரி ஆள்தான் வேணும்.”

டக்கெட்டின் நல்ல காது சிவந்தது. ஏழு ஆண்டில் அவர் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது. கப்பல் ஏறக்குறையக் கைக்கு வந்துவிட்டது.

அட்மிரலின் விரல் இன்னும் ஓட்டைக்குள் இருந்தது. அதை அவரே குனிந்து பார்த்தார்.

“அப்ப இந்தப் பெட்டி தளத்துல என்னய்யா பண்ணிட்டிருந்துச்சு?”

அட்மிரலின் முதுகுக்குப் பின்னால் கணப்பின் பக்கம் ஒரு மூடி மெதுவாகச் சாத்தப்பட்டது. அப்புறம் இன்னொன்று. குண்டடி பட்ட பெட்டி என்றால் சண்டையில் தளத்தின்மேல் கிடந்த பெட்டி. தளத்தின்மேல் கிடந்தது என்றால் ஒழிக்கவேண்டியவன் ஒழிக்கவில்லை. ஏழு ஆண்டுகளாகத் தாங்கள் மேசைமேல் பரப்பிவைத்துப் பெருமையடித்தது எதை என்று அந்த அறைக்கு அப்போதுதான் விளங்கியது. பதினொரு பெட்டியும் மூடிக்கொண்டன.

டக்கெட்டுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. சோம்பேறி என்று ஒப்புக்கொள்ளலாம், அல்லது பொய்யன் என்று ஒப்புக்கொள்ளலாம். கப்பலைப் பற்றி அந்த நேரத்தில் அவர் யோசித்ததாகச் சொல்ல முடியாது. பொய்யன் என்று ஊரெல்லாம் சொன்னாலும் அவரால் தாங்கமுடியும். தன் தளத்தில் ஒரு பெட்டி கிடந்தது என்று யாரும் சொல்வதை மட்டும் தாங்கமுடியாது.

“சார், இது சண்டையில பட்டதில்லை. போன செவ்வாய்க்கிழமை பட்டது.”

“யார் சுட்டது?”

“எதிர்வீட்டு ஸ்பர்ரி. துரப்பணத்தால.”

அட்மிரல் அவரை மேலும் கீழும் பார்த்தார். “அம்பது வருஷமா கடற்படையில இருக்கேன். ஒரு அதிகாரி தன் பெட்டியில தானே ஓட்டை போட்டுக்குவான்னா சொல்ற?”

“கேள்விப்பட்டதே இல்லை, சார்,” என்றார் பேக்‌ஷா அவசரமாக. “எங்களுக்கே அருவருப்பா இருக்கு.”

ஸ்பர்ரியைக் கூட்டிவந்தார்கள். கை முழுக்க மரத்தூளோடு வந்து நின்றார். டக்கெட்டைப் பார்த்தார். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த பதினொரு வாடிக்கைக்காரர்களைப் பார்த்தார். பதினொரு பேரும் அவரைப் பார்த்தார்கள்.

“இது நம்ம வேலை இல்லைங்க, சார்,” என்றார் ஸ்பர்ரி. குனிந்து ஓட்டையை ஆசையாகத் தடவிப் பார்த்தார். “இது பிரெஞ்சு வேலை. பிளவைப் பாருங்க, என்ன நேர்த்தி. நம்ம பக்கத்துல இவ்வளவு சுத்தமா யாரும் பண்ண மாட்டாங்க.”

அட்மிரல் எழுந்தார். “கவனக்குறைவு. அதை மறைக்க ஒரு பொய். அந்தக் கேப்டனும் சாகப்போற நேரத்துல ஏதோ உளறியிருக்கான்.” தடியை எடுத்தார். தொப்பியை எடுத்தார்.

அந்த நேரத்தில் லம்ப் அம்மாள் தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தார். அட்மிரலுக்கு முழங்காலை மடக்கி ஒரு வணக்கம் வைத்தார். நிமிரும்போது விரிந்து கிடந்த பெட்டி கண்ணில் பட்டது. தட்டை ‘டங்’கென்று மேசையில் வைத்தார்.

“என் துணி. எந்தப் பாவி இதைப் பண்ணினது?”

“பிரெஞ்சுக்காரன், அம்மா. 1811-ல,” என்றார் பேக்‌ஷா.

“அவன் எங்கேந்து வந்தான்? போன கிறிஸ்துமஸுக்கு நான் பசை காய்ச்சி ஒட்டின துணிங்க இது. 1811-ல இந்தத் துணிக்கு ரோமம் குடுத்த ஆடே பொறந்திருக்காது. ஏன் மிஸ்டர் டக்கெட், கண்வலி கண்வலின்னு மூணு நாளாக் கட்டிலுக்கடியில ஒளிச்சு வெச்சிருந்தது இதைத்தானா? ஒரு நல்ல துணி ஒட்டிக் குடுத்தா அதுல நெருப்புக் கம்பியை விட்டுக் கொடையற மனுஷனை நான் இப்பதான் பாக்கறேன்.”

அட்மிரல் தொப்பியைக் கீழே வைத்தார். துணியின் மூலையை நகத்தால் நெம்பினார். பசை இன்னும் வெள்ளையாக இருந்தது. கிழிசலில் தீய்ந்த புது ரோமம். ஸ்பர்ரியைத் தேடினார்; ஸ்பர்ரி இருந்த இடத்தில் கொஞ்சம் மரத்தூள்தான் இருந்தது.

“அப்ப நீ சொன்னது நிஜம்,” என்றார் டக்கெட்டிடம்.

“ஆமா சார்.”

“நீ பொய்யன் இல்லை. முட்டாள்.”

“ஆமா சார்.”

“தளம் ஒழிஞ்சிருந்துச்சு?”

“சுத்தமா ஒழிஞ்சிருந்துச்சு, சார்.”

“பெட்டி?”

“அடிக்கிடங்குல.”

“யார் கூட?”

“கோழிங்களோட, சார்.”

இந்த முறை அறையில் யாரும் சிரிக்கவில்லை.

அட்மிரல் மேசையைச் சுற்றிப் பார்த்தார். “இங்க மூடிக் கிடக்கிற பெட்டிங்களைப் பத்தி நான் ஒண்ணும் கேக்கப்போறதில்லை. யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?” யாருக்கும் ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை. கமாண்டர் பேக்‌ஷாவுக்குச் சுங்கானைப் பற்றவைக்கவேண்டும் போலிருந்தது. அது ஓட்டையில் செருகியபடி நின்றது. எடுத்தால் எல்லோரும் ஓட்டையைப் பார்ப்பார்கள். அதன்மேல் கையை வைத்து மூடிக்கொண்டு, அட்மிரல் போகும்வரை உட்கார்ந்திருந்தார்.

அடுத்த புதன்கிழமை லண்டனிலிருந்து டக்கெட்டுக்கு உத்தரவு வந்தது. அதோடு அட்மிரலின் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு: பெட்டியில் உள்ள ஓட்டையை அடைக்கக் கூடாது, பார்க்கிறவர்கள் கேட்கட்டும், கேட்டால் உண்மையைச் சொல்லவேண்டும்.

வழியனுப்ப முன்னறைக்காரர்கள் ஒருவரும் வரவில்லை. தங்கள் மானத்தை ஒரு கப்பலுக்காக விற்றுவிட்ட ஆளோடு பேசுவதில்லை என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். லம்ப் அம்மாள் மட்டும் படகுத்துறைவரை வந்து, டக்கெட்டின் கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். உள்ளே பாலாடைக்கட்டியும், ஓட்டையளவுக்கு வெட்டிய பச்சைத் துணியும் இருந்தன.

“ஓட்டையைத்தான் அடைக்கக் கூடாதுன்னாரு. துணியைப் பத்தி ஒண்ணும் சொல்லலை,” என்றார்.

அந்த வாரம் ரூபன் ஸ்பர்ரியின் பட்டறைக்குச் சாக்கில் சுற்றிய பதினொரு பெட்டிகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன, ஓட்டையை இருந்த இடம் தெரியாமல் அடைத்துத் தரச் சொல்லி. மகோகனிப் பலகை போதாமல் ஸ்பர்ரி போர்ட்ஸ்மவுத்துக்குப் படகு ஏறவேண்டியிருந்தது.

‘டன்லின்’ ஏப்ரல் ஒன்பதாம் தேதி நங்கூரம் எடுத்தது. அன்று மதியம் டக்கெட் முரசு அடிக்கச் சொல்லித் தளத்தை ஒழித்துப் பார்த்தார். முதலில் கீழே இறங்கியது அவர் பெட்டி. அதன் பின்னால் கோழிக்கூண்டு.